என் நாக்குக்கு நான் வைத்திருந்த காரணம்

எனக்குத் திக்குவாய். நேரில் பார்க்கிறவர்களுக்கு இது அரை நிமிஷத்தில் தெரிந்துவிடும். எழுத்தில் மட்டும்தான் மறைக்க முடியும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ம, ப, த என்று தொடங்கும் சொற்கள் என் வாய்க்குள் வந்து அப்படியே நின்றுவிடும். உதடு மூடிக்கொள்ளும், கழுத்து நரம்பு புடைக்கும், கேட்கிறவர் வேறு பக்கம் பார்ப்பார். நாற்பத்தெட்டு வருஷ வாழ்க்கையில் நான் அதிகம் பார்த்தது மனிதர்கள் வேறு பக்கம் பார்ப்பதைத்தான்.

சங்கராபுரத்தில் ஓர் அரசு அலுவலகத்தின் பதிவறையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். எனக்குப் பொருத்தமான இடம். கோப்புகளோடு பேச வேண்டியதில்லை. யாராவது ஒரு துண்டுச் சீட்டில் எண்ணை எழுதி நீட்டுவார்கள், நான் தேடி எடுத்துக் கொடுப்பேன். இரண்டு முறை பதவி உயர்வு வந்தது. மேலே போனால் ஜனங்களோடு பேச வேண்டியிருக்கும். இரண்டு முறையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கல்யாணமும் அப்படித்தான். பெண் பார்க்கப் போன இடத்தில் அந்தப் பெண் என்னோடு தனியாகப் பேச வேண்டும் என்றாள். நல்ல பெண். "உங்களுக்கு இன்னா புடிக்கும்?" என்று கேட்டாள். மழை பிடிக்கும் என்று சொல்ல ஆசைப்பட்டேன். அந்த ஒரு சொல்லோடு நான் போராடிக்கொண்டிருந்தபோது அவள் தன் கால் விரலைப் பார்த்தாள். அவர்கள் சம்மதம் என்று சொல்லி அனுப்பினார்கள். வேண்டாம் என்றது நான்.

இதற்கெல்லாம் எனக்குள் ஒரு காரணம் இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. சாமி என் நாக்கைக் கட்டிவிட்டது என்று நான் நம்பினேன். படித்தவன்தான், பட்டம் வாங்கியவன்தான். ஆனாலும் நம்பினேன். ஏனென்றால் பத்து வயதில் நான் கற்பூரம் அணைத்துப் பொய்ச் சத்தியம் செய்திருந்தேன்.

எங்கள் பெரியப்பாவுக்குக் கிணறும் நிலமும் இருந்தது. அதைக் குத்தகைக்கு எடுத்துக் கரும்பு போட்டிருந்தவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். சொந்தம் இல்லை, ஊர் வழக்கம். அவர் மோட்டார் ஓட்டும்போது தொட்டியில் குளிக்க விடுவார். ஒருநாள் மத்தியானம் அவர் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில் நானே கொட்டகைக்குள் போய் ஒரு குச்சியால் பச்சைப் பட்டனை அழுத்தினேன். அப்போது மும்முனை மின்சாரம் இல்லை என்பதோ, அது இல்லாதபோது போடக் கூடாது என்பதோ எனக்குத் தெரியாது. மோட்டார் சுற்றவில்லை. ஒரு மாதிரி உறுமியது. பிறகு கருகிய வாடை வந்தது. நான் ஓடிவிட்டேன்.

மோட்டாருக்குள் கம்பி சுற்றியிருக்கும் காயில் எரிந்துபோயிருந்தது. அது கோடை. மோட்டாரைச் சரி செய்து மாட்டுவதற்குள் கரும்பு பாதி காய்ந்துவிட்டது. மாமா, தான் மோட்டாரைப் போடவே இல்லை என்றார். என்னைக் கிணற்றுப் பக்கம் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். என்னைச் சந்தேகப்படவில்லை, பார்த்த சாட்சியாகத்தான் கூப்பிட்டார்கள். ஏரிக்கரை ஐயனார் கோயிலில் ஊர் கூடியது. பெரியப்பா கற்பூரத்தை ஏற்றி என் முன்னால் வைத்தார். "நீ அங்க தான இருந்தே. யார் போட்டதுன்னு சொல்லிட்டு அணைடா" என்றார். நான் மாமா என்று சொல்லி அவரைக் காட்டினேன். உள்ளங்கையால் கற்பூரத்தை அணைத்தேன். சூடு கூடத் தெரியவில்லை. அந்த மாதமே மாமாவை நிலத்திலிருந்து எழுப்பிவிட்டார்கள். அவர் பெண்டாட்டியையும் பெண்ணையும் கூட்டிக்கொண்டு திருநாவலூர்ப் பக்கம் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அதிலிருந்துதான் நாக்கு கட்டிக்கொண்டது என்பது என் நினைவு. மிகத் தெளிவான நினைவு. அதற்கு முன்னால் நான் சரளமாகப் பேசியதற்கு என்னிடம் சாட்சியும் இருந்தது. பள்ளி ஆண்டு விழாவில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு மேடையில் நின்று ஒரு நீளமான பாட்டைத் தடங்கலே இல்லாமல் ஒப்பித்தேன். தலைமை ஆசிரியர் முதுகில் தட்டிக் கொடுத்தார். பிறகு சத்தியம். பிறகு அம்மா வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்த்தது. பிறகு ஊமைக் கோட்டான் என்ற பட்டப்பெயர். எல்லாம் வரிசையாக இருந்தது. இதை நம்புவதற்கு எனக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை.

மாமாவிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டால் கட்டு அவிழும் என்றும் நம்பினேன். அப்படியென்றால் ஏன் போகவில்லை என்று கேட்கலாம். இரண்டு முறை உளுந்தூர்ப்பேட்டை வரை போனேன். பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அவர் அடிப்பார் என்ற பயம் இல்லை. சொல்லியும் நாக்கு அவிழவில்லை என்றால் என்ன செய்வது என்ற பயம். ஒரே ஒரு சாவி கையில் இருக்கிறவன் அதைப் பூட்டில் நுழைத்துப் பார்க்கவே தயங்குவான்.

போன வருஷம் வெள்ளிமலையில் சான்றிதழ் கொடுக்கும் முகாம் ஒன்று போட்டார்கள். மலையில் சிதறிக் கிடக்கும் ஊர்களிலிருந்து ஆட்கள் வருவார்கள் என்பதால் மூன்று மாதம் நடக்கும் என்றார்கள். மேலே போய்த் தங்க யாருக்கும் விருப்பமில்லை. எனக்குக் குடும்பம் இல்லை என்பதால் என்னை அனுப்பினார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் சாமை விதைத்த சரிவு, அதற்கு மேலே மேகம். ஆறு மணிக்கு மேல் பேச யாரும் கிடையாது. அது எனக்குப் பழக்கம்தான். ஆனால் கீழே இருக்கும்போது பஸ் சத்தமும் பக்கத்து வீட்டு டிவியும் கொஞ்சம் துணையாக இருந்திருக்கிறது என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. சோறு கொதிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இரண்டாவது வாரம், பெயர் கூப்பிடும் ஊழியருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அதிகாரி பட்டியலை என் கையில் கொடுத்தார். நான் என் வாயைக் காட்டினேன். "தெரியும்ப்பா, வேற ஆள் இல்லியே" என்றார். வெளியே வேப்பமரத்தடியில் நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதல் பெயரே ம. நான் நின்றேன். என் உதடு மூடிக்கொண்டது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. வழக்கப்படி எல்லாரும் வேறு பக்கம் பார்ப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்பும் இல்லை, பாவம் என்கிற முகமும் இல்லை. முன்வரிசையில் கேழ்வரகு மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஒரு பெண் சொன்னாள்.

"மெதுவா சொல்லுங்க சார். பஸ்ஸு மூணு மணிக்குத் தான்."

பெயர் வெளியே வந்தது. அந்தப் பெண்ணின் பெயர்தான் அது. எழுந்து வந்து காகிதத்தை வாங்கிக்கொண்டு போனாள். அன்றைக்கு முழுப் பட்டியலையும் நானே படித்தேன். மூன்று மணி பஸ்ஸுக்குள் முடிந்துவிட்டது.

அறைக்குத் திரும்பியபோது எனக்குச் சந்தோஷமாக இருக்கவில்லை, ஆத்திரமாக இருந்தது. அந்த மலைக்காரப் பெண்ணுக்கு என் திக்குவாய் தாமதமாக வரும் ஒரு பஸ் மாதிரி. வந்துவிடும், காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் அதைத் தெய்வ தண்டனை என்று முப்பத்தேழு வருஷமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமாவிடம் போய்விடுவது என்று அப்போதே முடிவு செய்தேன்.

காலை முதல் பஸ்ஸில் மலையிறங்கினேன். கச்சிராயபாளையம், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்ப்பேட்டை. அங்கே இந்த முறை டீ குடிக்கவில்லை. நேராகத் திருநாவலூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். மனசுக்குள் நான் திக்குவதே இல்லை.

இரண்டு இடத்தில் விசாரித்ததும் வீடு தெரிந்துவிட்டது. மாமா வாசலில் சாக்கு விரித்து மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார். வேர்க்கடலைத் தோலை ஒரு பக்கமும் பருப்பை முறத்திலும் போட்டுக்கொண்டிருந்தார். கை முட்டிகள் வீங்கியிருந்தன. எழுபத்தைந்தாவது இருக்கும். ஊர்ப் பெயரையும் அப்பா பெயரையும் சொன்னேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"யாரு, அந்தத் திக்குவாப் புள்ளயா?"

கோபமில்லாமல், அடையாளம் சரிபார்க்கிற மாதிரி கேட்டார். எனக்குத் திக்குவாய் வந்த விஷயம் இவர் காதுவரை எட்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். உட்காரச் சொல்லவில்லை. நானே எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"மா... மாமா, அன்னிக்கு மோ... மோ... மோட்டாரப் போட்டது நான் தான்."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் நாலைந்து மல்லாட்டை உடைத்துவிட்டார்.

"தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"நான் போடல. அங்க வேற யாரு இருந்தா? நீ தான."

"ஏன் மாமா யார்கிட்டயும் சொல்லல?"

"இன்னாடா இது, சொல்லாமயா இருந்தேன்? அத்தினி பேர்கிட்டயும் சொன்னேன். நீ கற்பூரத்த அணைச்சிட்டே. அதுக்கு மேல என் பேச்ச எவன் கேப்பான்?" கொஞ்சநேரம் உடைத்துக்கொண்டிருந்துவிட்டு, "இத்த சொல்லவா இம்மாந்தூரம் வந்தே?" என்றார்.

அப்போதுதான் நான் உண்மையில் எதற்காக வந்தேனோ அதைச் சொன்னேன். சாமி என் நாக்கைக் கட்டிவிட்டது, அந்தச் சத்தியத்திலிருந்துதான் எனக்குப் பேச்சு இப்படி ஆனது, இத்தனை வருஷமும் தண்டனை அனுபவித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். நெடுநேரம் ஆனது. அவர் உடைப்பதை நிறுத்தினார்.

"இன்னாது? சத்தியத்துக்கு அப்பறமா?" என்றார். "யாரு சொன்னா உனுக்கு? சத்தியம் பண்றப்பவே நீ திக்கிக்கினு தான சொன்னே. மா, மான்னு நீ இழுக்கறே, இழுக்கறே. எனுக்கு நல்லா ஞாபகம் இருக்குது. புள்ளைக்கு மனசு வரல, மாத்திச் சொல்லிடுவான்னு நான் நெனச்சிக்கினு நின்னேன். அதுக்கு முன்னாடியும் நீ அப்படித் தான். தொட்டியில குளிக்க வந்தா 'த... தண்ணி உடுங்க மாமா'ன்னு கேக்கறதுக்குள்ள தொட்டியே ரொம்பிடும்."

நான் இல்லை என்றேன். ஆண்டு விழாவில் பாட்டு ஒப்பித்ததைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "அத்தெல்லாம் எனுக்குத் தெரியாது. நீ திக்குவே. அது தெரியும்."

  என் நாக்கைப் பற்றி அவருக்கு மேற்கொண்டு பேச ஒன்றும் இல்லை. அவருக்கு வேறு விஷயம் இருந்தது.

"நிலம் போனா போவுது. உங்க பெரியப்பன் என்னக் கிளப்பணும்னு முன்னாடியே இருந்தாரு. மோட்டார் இல்லன்னா இன்னோண்ணு. ஆனா என் பொண்டாட்டி நம்பிட்டா. ஒரு பச்சப்புள்ள கற்பூரத்த அணைச்சுப் பொய் சொல்லுமான்னு கேட்டா. நான் போட்டுட்டு பயந்துக்கினு மறைக்கறேன்னு நெனச்சிக்கினா. ஒரு நாளும் சண்ட போடல. நீ ஒத்துக்கினு இருந்தா நாம அங்கயே இருந்திருக்கலாம்னு மட்டும் சொல்லுவா. சாவுற வரிக்கும் அப்படித் தான் நெனச்சிக்கினு இருந்தா. ஆறு வருஷம் ஆச்சி அவ போயி."

நான் ஏழு வருஷத்துக்கு முன்னால் உளுந்தூர்ப்பேட்டை பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டுத் திரும்பியது ஞாபகம் வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

தலையில் புல்லுக்கட்டோடு அவருடைய பெண் வந்தார். என்னைவிட இரண்டு வயது குறைவு. சின்ன வயதில் அந்தத் தொட்டியில் அவரும் குளித்திருக்கிறார். மாமா என்னைப் பார்த்து, "இவகிட்ட சொல்லு. இவளும் அவங்க அம்மா பேச்சக் கேட்டுத் தான் வளந்தா. நான் சொல்லக் கூடாது, நீ சொல்லு" என்றார்.

நான் எழுந்து நின்றேன். மோட்டார் என்ற சொல் வரவே இல்லை. அவர் புல்லுக்கட்டோடு நின்றுகொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் அதை இறக்கிக் கீழே வைத்துவிட்டுத் திரும்ப என்னைப் பார்த்து நின்றார். நான் சொல்லி முடித்தேன். அவர் அப்பாவிடம் திரும்பினார்.

"ஏம்ப்பா, நீ ஒரு வாட்டியாச்சும் அழுத்திச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேனே" என்றார் மாமா. "எத்தினி வாட்டி சொன்னேன்."

அந்தப் பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் அழுதாரா, வியர்வையா என்று தெரியவில்லை. உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு என்னிடம், "சாப்ட்டுப் போங்கன்னு சொல்லணும். எனுக்கு வாய் வரலீங்க" என்றார். அது நியாயம் என்று பட்டது. நான் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். மாமா மறுபடியும் மல்லாட்டையை எடுத்துக்கொண்டார்.

உளுந்தூர்ப்பேட்டை பஸ் ஸ்டாண்டிலிருந்து பாண்டிச்சேரியில் இருக்கும் அக்காவுக்குப் போன் செய்தேன். நான் போன் செய்வதே அபூர்வம் என்பதால் பயந்துபோய் எடுத்தாள். எனக்கு எந்த வயதில் திக்க ஆரம்பித்தது என்று கேட்டேன்.

"இன்னாடா கேள்வி இது? நீ பேச ஆரம்பிச்சதுலேருந்தே அப்படித் தான். மூணு வயசுலயே அம்மா வசம்ப சுட்டுத் தேப்பாங்க. நீ கத்துவே, நான் கால புடிச்சுக்குவேன்."

"நா... நான் ஆண்டு விழாவுல பாட்டு சொன்னேனே, அக்கா. திக்காம."

அவள் சிரித்தாள். பிறகு நான் விளையாட்டாகக் கேட்கவில்லை என்று புரிந்து நிறுத்தினாள்.

"அது நான்டா. நான் தான் சொன்னேன். ஹெட்மாஸ்டர் என்னத் தான் தட்டிக் குடுத்தாரு. நீ கீழ முன்னாடி உக்காந்து வாயத் தொறந்து பாத்துக்கினு இருந்தே. உனுக்கு சட்ட மட்டும் தான் புதுசு."

போனை வைத்த பிறகு எவ்வளவு நேரம் அந்த சிமெண்ட் பெஞ்சில் இருந்தேன் என்று தெரியாது. கள்ளக்குறிச்சி பஸ்கள் இரண்டு போய்விட்டன. மேடையின் மரப்பலகை, காலுக்கடியில் அது அதிர்ந்தது, தலைமை ஆசிரியர் கையின் கனம் எல்லாம் எனக்கு அப்போதும் ஞாபகம் இருந்தது. பொய் என்று தெரிந்த பிறகும் அந்த நினைவு கொஞ்சமும் மங்கவில்லை. கோயிலில் நான் சொன்னது தெரிந்து சொன்ன பொய். இது எனக்கே தெரியாமல் எனக்கு நானே சொல்லிக்கொண்டது. இரண்டையும் நம்பியவர்கள் முழுமனசோடு நம்பினார்கள். மாமாவின் மனைவி நம்பியதும் நான் நம்பியதும் ஒரே மாதிரிதான்.

தண்டனை நடந்துகொண்டிருக்கிறது என்று நினைத்ததால்தான் நான் அவரைத் தேடிப் போகாமல் இருந்தேன் என்று அங்கேதான் புரிந்தது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்த்துக்கொண்டிருப்பதாக நினைப்பு. அந்தப் பக்கம் ஒரு மனுஷன் தன் வீட்டிலேயே பொய்யனாக இருந்திருக்கிறார். என் பக்கம் தண்டனையே நடக்கவில்லை. எல்லாரையும் போல ஒரு குறையோடு பிறந்திருக்கிறேன், அவ்வளவுதான். பதவி உயர்வை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது என் கை. கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண் தலை நிமிரும்வரை காத்திராமல் எழுந்து வந்ததும் நான்தான்.

வெள்ளிமலை அறைக்குத் திரும்பிய பிறகு அடுத்த சில வாரங்கள் என் வாழ்க்கையிலேயே மிகத் தனிமையானவை. அதற்கு முன்பும் நான் தனியாகத்தான் இருந்தேன். ஆனால் என்னைத் தண்டிப்பதற்காகவாவது ஒருவர் என்னைக் கவனித்துக்கொண்டிருக்கிறார் என்ற எண்ணம் எப்போதும் கூடவே இருந்திருக்கிறது. நான் திக்கும் ஒவ்வொரு முறையும் அவர் பார்க்கிறார். இப்போது அவரும் போய்விட்டார். சாமி இல்லை என்று சொல்லவில்லை. கோயிலுக்குப் போனால் இன்றைக்கும் கும்பிடுகிறேன். எனக்கென்று, என் நாக்குக்கென்று நேரம் ஒதுக்கி உட்கார்ந்திருந்த அந்த ஒருவர் இல்லை. சரிவில் மேகம் இறங்கும்போது ஜன்னலைச் சாத்திவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் அறைக்குள் நடப்பேன்.

மனிதனால் எதுவும் முடியும் என்று பேசுகிறவர்களைக் கேட்டால் எனக்கு இப்போது கொஞ்சம் எரிச்சல் வருகிறது. என்னால் என்னவெல்லாம் ஆகியிருக்க முடியும் என்பது எனக்குத் தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை. காய்ந்துபோன கரும்பு என்ன எடை நின்றிருக்கும் என்று யார் சொல்ல முடியும்? இப்போது என்னால் என்ன முடிகிறது என்பது மட்டும் தெரியும். பட்டியல் படிக்க முடிகிறது. காய்ச்சல்காரர் திரும்பி வந்த பிறகும் நானே படிக்கிறேன் என்று அதிகாரியிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். முகாம் முடிந்ததும், கீழே பதிவறைக்குத் திரும்பாமல், ஜனங்கள் மனு கொடுக்கும் ஜன்னலில் உட்கார எழுதிக் கேட்டேன். கொடுத்தார்கள்.

முதல் நாள் ஒரு பெரியவர் வந்தார். காது கேட்காதவர். மனுவில் கையெழுத்து இல்லை என்று சொன்னேன். கேட்கவில்லை. ம என்று தொடங்கி முழு வாக்கியத்தையும் இன்னும் உரக்கச் சொன்னேன். "இன்னா சார்?" என்று காதைக் கம்பிக்குள் நீட்டினார். மூன்றாவது முறை கத்தியே விட்டேன். வராந்தாவில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவர் புரிந்துகொண்டு கட்டைவிரலை மையில் ஒற்றினார். நான் முத்திரை குத்தி, அடுத்தவரைக் கூப்பிட்டேன்.